துண்டை ஆட்டினால் சர்க்கரை குறைவு

ஜனவரி 4, ஞாயிறு

இந்த நோட்டை வாங்கச் சொன்னது ஈரோட்டு ஆஸ்பத்திரி ஜெனிபர் சிஸ்டர். "என்ன சாப்பிட்டீங்க, எவ்வளவு நேரம் உடற்பயிற்சி, சர்க்கரை எவ்வளவு, மூணையும் எழுதுங்க வாணி. கதையெல்லாம் வேண்டாம்" என்றார். நான் கதைதான் எழுதப்போகிறேன். பதினைந்து வருடமாக எண்களை மட்டுமே எழுதிக் கை சலித்துவிட்டது.

யாராவது எடுத்துப் படித்தால் குழம்பக் கூடாது என்பதற்காகச் சொல்லி வைக்கிறேன். என் பெயர் கோகிலவாணி, வயது இருபத்தேழு, ஊர் கவுந்தப்பாடி. நாட்டுச் சர்க்கரைக்குப் பேர் போன ஊர். அப்பா சென்னியப்பன் சர்க்கரை மண்டியில் எடை போடுகிறவர். அவருடைய ஒரே மகளுக்குப் பன்னிரண்டு வயதில் சர்க்கரை நோய் வந்ததை வைத்து இந்த ஊரில் அடிக்காத ஜோக் பாக்கியில்லை. என் உடம்பு இன்சுலினைச் சுரக்காது. வெளியிலிருந்துதான் தர வேண்டும். போன மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு ஊசி. இப்போது இடுப்பில் ஒரு பம்ப். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வயிற்றுக்குப் போகிறது. நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாகப் போகும் இன்சுலினுக்கு 'பேசல்' என்று பெயர். சாப்பிடும்போது பட்டனை அமுக்கினால் அதற்குத் தனியாகப் போகும்.

கையில் ஒட்டியிருக்கும் சென்சார் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் என் போனுக்குச் சர்க்கரை அளவை அனுப்பும். என் போன் அதை அம்மாவின் போனுக்கு அனுப்பும். வில்லங்கம் அங்கேதான். எண்பதுக்குக் கீழே இறங்கினால் அம்மா போனில் சேவல் கூவும். சேவல் கூவினால் அம்மா என்னைக் கூப்பிடுவாள். நான் எடுக்காவிட்டால் நான் வேலை பார்க்கும் நூல் மில்லின் வாட்ச்மேன் மாரப்பண்ணனைக் கூப்பிடுவாள். புதன்கிழமை பெங்களூரிலிருந்து வந்த அதிகாரிகளுக்கு நூலின் முறுக்கு எண்ணிக்கையை விளக்கிக்கொண்டிருந்தேன். மாரப்பண்ணன் கையில் எலுமிச்சை ஜூஸோடு பரிசோதனைக் கூடத்துக்குள் நுழைந்து, "பாப்பா, அம்மா குடிக்கச் சொன்னாங்" என்றார். அளவு எழுபத்தெட்டு. எழுபத்தெட்டுக்கு ஒரு ஜூஸ்!

நாளை முதல் மாரியம்மன் கோயில் திடலில் வள்ளி கும்மி வகுப்பு. பெயர் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 5, திங்கள்

நாற்பது நிமிடம் ஆடினேன். அருமையாக இருந்தது. நாற்பத்தொன்றாவது நிமிடம் கால் என்னுடையதாக இல்லை. ஐம்பத்தெட்டு.

குளுக்கோஸ் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் அம்மா திடலுக்குள் வந்துவிட்டாள். ஒரு கையில் சர்க்கரை டப்பா, இன்னொரு கையில் கூவிக்கொண்டிருக்கும் போன். மாவு ஆட்டிய கையைக்கூடக் கழுவவில்லை. எழுபது பெண்கள் கும்மியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

அந்த நாற்காலியை எனக்கு நன்றாகத் தெரியும். ஏழாம் வகுப்பு விளையாட்டு விழாவில் ஆரம்பித்தது. "நீ இங்க உக்காந்து நேரம் பாரு கண்ணு." பதினைந்து வருடமாக எல்லா இடத்திலும் எனக்கென்று ஒரு நாற்காலி வந்துவிடுகிறது. இந்தத் தடவை உட்காரக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். மார்ச் பதினைந்தாம் தேதி அரங்கேற்றம். மூன்று மணி நேரம் ஆட வேண்டும்.

ஜனவரி 6, செவ்வாய்

அம்மாவும் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். "மூட்டு வலிக்கு நல்லதாமா." அம்மாவுக்கு மூட்டு வலி இருப்பது எனக்கு இன்றுதான் தெரிந்தது. வட்டத்தில் எனக்கு அடுத்த இடத்தில் நிற்கிறாள்.

ஜனவரி 9, வெள்ளி

சிஸ்டர் சொன்னபடி பேசலைப் பாதியாகக் குறைத்தேன். ஆட ஆரம்பிக்கும்போது குறைத்தேன். இருந்தும் அறுபத்தாறு. கடலை மிட்டாய் தின்றேன். கால் மணி நேரமாகியும் ஏறவே இல்லை.

போனில் சிஸ்டருக்குச் சிரிப்பு. "ஆறரைக்கு ஆடணும்னா அஞ்சு மணிக்கே குறைக்கணும் வாணி. ஏற்கனவே உள்ள போன இன்சுலின் நீங்க ஆடறீங்கன்னு பாத்து வேலையை நிறுத்துமா? அப்புறம், கடலை மிட்டாய்ல எண்ணெய் இருக்கு, சர்க்கரை மெதுவாத்தான் ஏறும். அவசரத்துக்கு குளுக்கோஸ், இல்லன்னா உங்க ஊரு சர்க்கரை."

ஐந்து மணிக்கு நான் மில் பஸ்ஸில் இருப்பேன். பம்பை வெளியே எடுத்தால் பக்கத்து சீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். சர்க்கரை அளவை யாரும் கேட்க வேண்டாம்.

ஜனவரி 21, புதன்

இன்று ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். குறைப்பது, கூட்டுவது எதுவும் வேண்டாம், பம்பையே கழற்றி வைத்துவிட்டு ஆடினால் என்ன? இரண்டு மணி நேரம் காற்றாட ஆடினேன். இறங்கவே இல்லை. வீட்டுக்கு வந்து தோசைக்கு உட்காரும்போது இருநூற்றுத் தொண்ணூறு.

சிஸ்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் கழற்றி வைத்தால் உடம்பில் இன்சுலினே இருக்காது, இன்சுலின் இல்லாமல் ஆடினால் சர்க்கரை இறங்காது, ஆட ஆட ஏறும், இரத்தத்தில் கீட்டோன் என்ற விஷம் சேரும் என்று பத்து நிமிடம் பாடம் நடத்தினார். "குறைவு உங்களை உடனே கீழ தள்ளும். அதிகம் சத்தமில்லாம தள்ளும். ரெண்டுக்கும் பயப்படுங்க" என்றார். எங்கள் வீட்டில் இதுவரை ஒன்றுக்குத்தான் பயப்பட்டுப் பழக்கம்.

ஜனவரி 30, வெள்ளி

பிடிபட்டுவிட்டது! ஐந்து மணிக்குப் பேசல் பாதி. ஆறே காலுக்கு ஒரு பூவன் பழம், அதற்கு இன்சுலின் கிடையாது. ஆரம்பிக்கும்போது நூற்று ஐம்பத்திரண்டு, முடிக்கும்போது நூற்றுப் பதினெட்டு. படுக்கப்போகும்போது பேசலில் இருபது சதவிகிதம் கம்மி, இல்லாவிட்டால் விடியற்காலையில் சேவல் கூவும். நிஜச் சேவலுக்கு முன்னால் கூவும்.

அம்மாவிடம் காட்டினேன். "இன்னைக்கு ஒரு நாள்தானே" என்றாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஒன்பது நாள் தொடர்ந்து சேவல் கூவவில்லை.

அம்மா என்னைவிட நன்றாக ஆடுகிறாள். இதை எழுதவே எரிச்சலாக இருக்கிறது. நாச்சிமுத்து ஆசிரியர் இன்று மைக்கிலேயே, "ருக்குமணியம்மா காலைப் பாத்து எல்லாரும் அடி வையுங்" என்றார். அம்மா வெட்கப்பட்டு, அடுத்த அடியைத் தப்பாக வைத்தாள். அதையும் எல்லாரும் அப்படியே வைத்தார்கள்.

கூட ஆடும் தங்கமணி அக்கா என் இடுப்பைப் பார்த்துவிட்டு, "உனக்கு மட்டும் எதுக்கு அம்மிணி ஒயர்லெஸ் மைக்கு? ஆசிரியர்கிட்டச் சொல்லி எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடு" என்றார். விளக்கிச் சொன்னேன். "அதுக்குள்ளாற மருந்தா? நான் ஒரு மாசமா அதுல கேக்கும்னு சத்தமா பாடிட்டு இருந்தேன்" என்றார்.

திரும்பி வரும் வழியில் அம்மாவிடம் பேச்சை எடுத்தேன்.

"அந்த ஆப்பை உன் போனிலருந்து எடுத்துடும்மா."

"எதுக்கு?"

"எனக்கு இருவத்தேழு வயசு."

"சர்க்கரைக்கு வயசு தெரியுமா?"

பால் சொசைட்டி முனையில் அம்மாவே நின்றாள். "அரங்கேத்தத்துல மூணு மணி நேரம் நடுவுல ஒரு தடவகூட வெளிய வராம ஆடி முடி. எடுத்துடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. வந்தீனா, வாய மூடிட்டு இருக்கோணும்."

கற்பூரம் காட்டியபின் மங்களம் பாடும்வரை வட்டத்தைவிட்டு யாரும் வெளியே போகக் கூடாது, போனவர்கள் திரும்ப உள்ளே வரக் கூடாது என்பது எப்படியும் ஆசிரியர் வைத்திருக்கும் விதிதான். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கை கொடுத்தேன். எனக்குப் பயம் எல்லாம் கிடையாது.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஒரு சிக்கல். அரங்கேற்றத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி உடுப்பு. பச்சைப் புடவை, சிவப்புக் கரை. வாட்ச் கூடாது, போன் கூடாது. பம்பில் எண் தெரியும், ஆனால் பம்ப் புடவைக்குள் இருக்கும். நான் எப்படிப் பார்ப்பது?

சமையலறையில் ஆலோசனைக் கூட்டம் நடந்தது. முடிவு இது. என் போன் அப்பாவிடம் இருக்கும். அவர் முன்வரிசையில் உட்காருவார். வட்டம் சுற்றி அவர் பக்கம் வரும்போது போனில் புது எண் விழும். அவர் தோளில் துண்டு கிடந்தால் எல்லாம் சரி. துண்டை ஆட்டினால் சர்க்கரை குறைவு. உடனே அம்மா மடியிலிருந்து ஒரு கட்டி நாட்டுச் சர்க்கரையை எடுத்து, அடுத்த திருப்பத்தில் என் வாயில் போட்டுவிடுவாள். கும்மி நிற்காது.

அப்பா மூன்று முறை ஒத்திகை பார்த்தார். வாழ்நாளில் ஒரே நாளில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "ஆட்டுனா கொறவு. கெடந்தா நல்லது. ஆட்டுனா கொறவு" என்று மண்டிக்குப் போகும்வரை சொல்லிக்கொண்டே போனார்.

மார்ச் 14, சனி

நாளை.

அம்மா பாவாடையின் உள்பக்கம் பம்புக்கு ஒரு பை தைத்திருக்கிறாள். கச்சிதமாக இருக்கிறது. அப்பாவின் பையில் இன்சுலின் பேனா ஊசி, கீட்டோன் பார்க்கும் பட்டை, தண்ணீர் பாட்டில் எல்லாம் வைத்தாயிற்று. கூட்டத்தைப் பார்த்த பரபரப்பிலேயே கொஞ்சம் ஏறலாம், பதறக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். எனக்கென்ன பரபரப்பு? இன்று நகம் முழுவதையும் கடித்துத் தின்றதற்கு இன்சுலின் போட வேண்டுமா என்று தெரியவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. நாளை.

மார்ச் 16, திங்கள்

மில்லுக்கு லீவு போட்டிருக்கிறேன். வரிசையாக எழுதிவிடுகிறேன்.

புடவை கட்டிவிட நான்கு பேர் வந்திருந்தார்கள். அம்மா யாரையும் என்னிடம் விடவில்லை. மூன்று மணி நேரம் ஒரு மடிப்புக்கூட நகரக் கூடாது என்று அவளே பதினொரு ஊக்குக் குத்தினாள். தன் தாலிக்கொடியில் எப்போதும் தொங்கும் ஊக்குகளைக்கூடக் கழற்றிக் குத்தினாள். "மூச்சு விடறதுக்கு எடம் வெச்சியா?" என்று கேட்டேன். "ஆடறவளுக்கு எதுக்கு மூச்சு?" என்றாள்.

ஆறு மணிக்குக் கற்பூரம். நூற்று ஐம்பத்தைந்து. திடல் நிறையக் கூட்டம். முதல் ஒரு மணி நேரம் என்னுடைய வாழ்க்கையிலேயே நல்ல ஒரு மணி நேரம். வேறு எப்படியும் சொல்லத் தெரியவில்லை. எழுபது பேர் கை தட்டும் சத்தத்தில் என் தட்டு எது என்றே தெரியவில்லை. அப்பா பக்கம் வரும்போதெல்லாம் பார்த்தேன். துண்டு தோளில்.

ஒன்றே கால் மணி நேரம் இருக்கும். தாகம். எல்லாருக்கும்தான் தாகம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த சுற்றில் அப்பாவைப் பார்த்தால், துண்டைப் பாதி தூக்கினார். இறக்கினார். மறுபடி தூக்கினார். அம்மா அதைப் பார்த்துவிட்டாள். திருப்பத்தில் என் வாயில் சர்க்கரைக் கட்டி விழுந்தது. விழுங்கினேன். வாயில் சர்க்கரை விழுந்தால் விழுங்குவது எனக்குப் பதினைந்து வருடப் பழக்கம்.

அதற்கடுத்த சுற்றில் அப்பா துண்டைத் தலையில் கட்டியிருந்தார். அதற்கும் அடுத்ததில் இடுப்பில் கட்டியிருந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் மனிதர் உற்சாகத்தில் இருக்கிறார் என்று விசில் அடித்தார்கள். அம்மா இன்னொரு கட்டியை எடுத்துவிட்டாள். அப்போதுதான் அப்பா எழுந்து நின்று, ஒரு விரலை வானத்தைப் பார்த்துக் குத்திக் குத்திக் காட்டினார். கண்ணில் தண்ணீர்.

ஏறுகிறது.

குறைவுக்கு ஒரு துண்டு வைத்தோம், சர்க்கரைக் கட்டி வைத்தோம், ஒத்திகை பார்த்தோம். ஏறினால் அதை எப்படிக் காட்டுவது என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். அம்மாவின் கட்டி என் கன்னத்தில் பட்டுக் கீழே விழுந்தது.

பரபரப்பில் ஏறும் என்று சிஸ்டர் சொன்னாரே என்று ஒரு சுற்று ஆடினேன். உண்மையைச் சொன்னால் ஒன்றரைச் சுற்று. நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டியது. பரபரப்புக்கு இவ்வளவு தெம்பு கிடையாது. எங்கோ இன்சுலின் போகவில்லை. ஆட ஆட ஏறும். பாக்கி ஒன்றரை மணி நேரம். பல்லைக் கடித்தால் முடித்துவிடலாம் என்றும் தோன்றியது. பந்தயம், ஆப், சேவல், மாரப்பண்ணன், ஏழாம் வகுப்பு எல்லாம் அந்த ஒரு சுற்றில் கண்முன் வந்தது.

அப்பா பக்கம் வந்ததும் வட்டத்தைவிட்டு வெளியே நடந்தேன்.

யாரும் போகச் சொல்லவில்லை. ஆசிரியர் பாட்டை நிறுத்தவில்லை. அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். போனில் முந்நூற்றுப் பதினெட்டு, மேல்நோக்கி அம்புக்குறி. பேனாவால் ஊசி போட்டேன். விரலைக் குத்திக் கீட்டோன் பார்த்தேன். பூஜ்ஜியம் புள்ளி ஒன்பது. கொஞ்சம் இருக்கிறது, பயப்படும்படி இல்லை. பாட்டில் தண்ணீரை முழுவதும் குடித்தேன். அப்பா, "கொறவுக்குத்தான சாமி துண்டு? அதிகத்துக்கு என்னன்னு நீங்க ரெண்டு பேரும் சொல்லவே இல்லியே" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஊசி போட்டு முடித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. என் பின்னால் காலடிச் சத்தம் கேட்கவில்லை. நான் எங்கே எழுந்து போனாலும் பின்னால் ஒரு காலடி வரும். திரும்பிப் பார்த்தேன். அம்மா வட்டத்துக்குள் ஆடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் என் இடம் காலியாக இருந்தது. வரிசையை விட்டு ஒரு அடிகூட விலகாமல், என் பக்கம் பார்க்காமல், தட்ட வேண்டிய இடத்தில் தட்டி, குனிய வேண்டிய இடத்தில் குனிந்து ஆடினாள். தோற்றதற்கு அழவில்லை நான். அதைப் பார்த்துத்தான் அழுதேன்.

ஒன்பது மணிக்கு மங்களம். இருநூற்று முப்பது, இறங்குமுகம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தட்டினேன். அப்பாவும் தட்டினார், ஒரு தட்டுகூடத் தாளத்தில் விழவில்லை.

வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு புடவையை அவிழ்த்தேன். பாவாடையில் ஈரம். குப்பென்று இன்சுலின் வாடை, ஆஸ்பத்திரி வாடை. ஒன்பதாவது ஊக்கு புடவை மடிப்பையும் குழாயையும் சேர்த்துக் குத்தியிருந்தது. மூன்று மணி நேரமும் மருந்து புடவைக்குத்தான் போயிருக்கிறது. ஆடிய வேகத்தில் ஊக்கும் வளைந்துவிட்டது.

அம்மா கதவுக்கு வெளியே நின்று, "என்னாச்சுன்னு தெரிஞ்சுதா கண்ணு?" என்றாள்.

"வயித்துல ஊசி லேசா கழண்டிருச்சும்மா. வேர்வைல."

குழாயை ஊக்கோடு காகிதத்தில் சுற்றிக் குப்பைக்கூடையின் அடியில் போட்டேன். புதுக் குழாய் மாட்டினேன். அவ்வளவுதான்.

மார்ச் 17, செவ்வாய்

காலையில் குப்பைக்கூடையில் அந்தக் காகிதம் பிரிந்து கிடந்தது. பூனையாக இருக்கும்.

அம்மா இட்லி வைக்கும்போது குனிந்தாள். தாலிக்கொடியில் வழக்கம்போல ஊக்குகள். ஒன்று மட்டும் வளைந்திருந்தது. ஊக்கு வளையத்தான் செய்யும்.

மூன்றாவது இட்லிக்குப் பிறகு தன் போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இத எப்புடி எடுக்கறதுன்னு எனக்குத் தெரியல. நீயே எடுத்துப் போடு."

"நாந்தான் தோத்துட்டனேம்மா."

"அத இப்ப யாரு கேட்டா? எடுன்னா எடு."

எடுத்தேன். உறுதியாக நீக்க வேண்டுமா என்று போன் கேட்டது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சட்னியைப் பார்த்தாள். ஆம் என்று அமுக்கினேன்.

"நீ வெளிய போனப்ப என்ற காலு ரெண்டும் உன்ற பின்னாடியே வந்துருச்சு" என்றாள் அம்மா. "அதுகளப் புடிச்சு வெச்சு ஆடறதுக்குள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூட்டெல்லாம் வலி."

"உனக்குத்தான் ஏற்கனவே மூட்டு வலின்னு சொன்னியே?"

"அப்ப இல்ல. இப்ப இருக்குது."

மார்ச் 18, புதன்

மில். பதினொன்றே காலுக்கு எழுபத்தொன்று. குளுக்கோஸ் மாத்திரை நான்கு. பதினைந்து நிமிடத்தில் தொண்ணூற்றெட்டு. யாரும் கூப்பிடவில்லை.

மதியம் மாரப்பண்ணன் பரிசோதனைக் கூடத்து வாசலில் வந்து நின்றார். கையில் ஜூஸ் இல்லை.

"பாப்பா, ரெண்டு நாளா அம்மா போனே பண்ணலீங். வீட்ல எல்லாரும் சௌக்கியந்தானுங்?"

"சௌக்கியந்தாண்ணா."

நல்ல நாள். அமைதியாக வேலை ஓடியது. போனை மட்டும் ஒரு ஏழெட்டுத் தடவை எடுத்துப் பார்த்திருப்பேன், மணி பார்க்க. மூன்றரைக்கு நானே அம்மாவைக் கூப்பிட்டேன். முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

"என்ன கண்ணு?"

"சும்மாதாம்மா."

"ம்" என்றாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனை வைக்கவில்லை.